பேக்கப் இருக்கிறது, பாஸ்வேர்டு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மழைக்காலம் நெருங்கினால் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு குறிப்பு வரும். ஆவணங்களை பாலித்தீன் பையில் கட்டி உயரத்தில் வையுங்கள், டார்ச் லைட்டைத் தயாராக வையுங்கள், செல்போனில் இருப்பதை பேக்கப் (இன்னொரு பிரதி) எடுத்து வையுங்கள். உங்கள் நாளிதழிலும் படித்தேன். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கம் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். என் மேஜைக்கு வரும் போன்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஒரு பேக்கப் இருக்கத்தான் செய்கிறது. புதுப் போன் வாங்கும்போதே அது பாதி தானாக ஓட ஆரம்பித்துவிடும். போனுக்குச் சொந்தக்காரருக்கு அதைத் திறக்க வழி தெரியாது என்பதுதான் நான் தினமும் பார்க்கிற சிக்கல். ‘பேக்கப் எடுங்கள்’ என்று சொல்லும் யாரும் ‘திரும்ப எடுக்க முடிகிறதா என்று பாருங்கள்’ என்று சொல்வதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்திலும் திருநெல்வேலியிலும் பெய்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஏரல் கடைத்தெருவுக்குள்ளேயே வந்துவிட்டது. தண்ணீர் வடிந்து, கரண்ட் வந்து, கடைக்குள் கிடந்த சேற்றை வாரிக்கொட்டிவிட்டு உட்கார்ந்தால், வரிசையாகப் போன்கள் வருகின்றன. சேற்றில் கிடந்தது, அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்தது, அடுப்போரம் காயப்போட்டு டிஸ்ப்ளே உப்பிப்போனது. கொண்டுவந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி ஒரே பேச்சுத்தான்: “அண்ணாச்சி, போன் போனாப் போவுது. உள்ள இருக்கிறதை மட்டும் எடுத்துக் குடுத்துருங்க.”

அரிசி பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். போனுக்குள் சிப்புகள் பதித்த போர்டின் மேல் தகரத் தடுப்பு இருக்கும். அதற்கு அடியில் நிற்கும் தண்ணீரை வெளியே கிடக்கும் அரிசி இழுக்காது. அரிசிமாவும் தூசியும் சார்ஜிங் பின்னுக்குள் போய் அடைப்பதுதான் மிச்சம். ஐபோன் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் அரிசியில் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது. போன் நனைந்தால் உடனே அணைக்க வேண்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க சார்ஜர் குத்தக் கூடாது. தண்ணீரும் பேட்டரி மின்சாரமும் சேர்ந்தால் போர்டில் பச்சை பூக்க ஆரம்பிக்கும், அது மணிக்கணக்கில் பரவும். அன்றைக்கே கொண்டுவந்தால் போர்டைக் கழற்றி ஆல்கஹாலில் கழுவிப் பிழைக்க வைக்க வாய்ப்பு உண்டு. நாலு நாள் அரிசியில் தூங்கிவிட்டு வந்தால் எங்களாலும் பெரிதாக ஒன்றும் முடிவதில்லை.

“போன் செத்தால் என்ன, மெமரி சிப்பைத் தனியாக எடுத்துப் படத்தை எடுக்கலாமே” என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். ஒரு காலத்தில் அது நடந்தது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்திய போன்களில் சிப்பைச் சூடுகாட்டிப் பெயர்த்து, ரீடரில் வைத்தால் படமெல்லாம் வரும். இப்போது வராது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவந்த போன்களிலிருந்து உள்ளே இருக்கும் எல்லாவற்றையும் பூட்டி வைப்பது கட்டாயம். அதற்கு முந்திய பல போன்களிலும் அப்படித்தான். அந்தப் பூட்டின் சாவியில் ஒரு பாதி போனின் மூளையான பிராசசருக்குள் இருக்கிறது, மறு பாதி நீங்கள் போடும் பேட்டர்ன் அல்லது பின் நம்பர். பிராசசரும் சிப்பும் ஒன்றாக, அதே போர்டில், உயிரோடு இருந்தால்தான் படம் படமாக வரும். தனியாகப் பெயர்த்த சிப்பில் இருப்பது வெறும் குப்பை எழுத்து. செத்துப்போன போர்டிலிருந்து உங்கள் குடும்பப் படங்களை ஐந்நூறு ரூபாய்க்கு எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், முதலில் எடுத்துக் காட்டு, அப்புறம் காசு என்று சொல்லுங்கள்.

ஆக, போர்டு போய்விட்டால் கூகுள் கணக்கில் ஏறியிருப்பதுதான் கதி. அங்கேதான் வினை.

“ஜிமெயில் ஐடி சொல்லுங்க ஆச்சி.”

“அது எனக்கு என்ன தெரியும்? போன் வாங்குனப்போ கடைக்காரத் தம்பிதான் போட்டுக் குடுத்தான்.”

“பாஸ்வேர்டு?”

“அதையும் அவன்தான் போட்டான்.”

ஆச்சிகள் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. வாத்தியார் சொல்வார், வாழைத்தார் வியாபாரி சொல்வார், கல்லூரியில் படிக்கிற பையன்கூடச் சொல்வான். போன் விற்கும் கடையில் கூட்டம், வாங்கியவர் அவசரப்படுகிறார், கடைப் பையன் வாய்க்கு வந்த ஒரு பெயரோடு நாலு எண்ணைச் சேர்த்துப் புதுக் கணக்கு தொடங்கி, வாங்கியவரின் மொபைல் நம்பரையே பாஸ்வேர்டாகப் போட்டுக் கையில் கொடுத்துவிடுவான். இரண்டு மூன்று வருடத்தில் அடுத்த போன், அடுத்த கடை, இன்னொரு புதுக் கணக்கு. மூன்றாவது போனை ஒருவர் வாங்கும்போது, மகள் கல்யாணப் படம் முதல் கணக்கில், போன் நம்பர்கள் இரண்டாவது கணக்கில், வாட்ஸ்அப் மூன்றாவதில் என்று சொத்து பாகம் பிரிந்து கிடக்கும். எந்தக் கணக்கும் அவருக்குத் தெரியாது. நானும் இதே தொழிலில் இருப்பவன்தான், சக கடைக்காரர்களைக் குறை சொல்லுவது சுகமான காரியம் இல்லை. ஆனால் வாடிக்கையாளர்கள் இழந்ததில் வெள்ளம் கொண்டுபோனதைவிட இந்த இரண்டு நிமிட அவசரம் கொண்டுபோனது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலை வியாபாரி ஒருவர் கதையைச் சொன்னால் விளங்கும். ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். கொடிக்கால்காரர்களுக்கு அவர் தர வேண்டிய பாக்கி, வெளியூர்க் கடைகள் அவருக்குத் தர வேண்டிய பாக்கி, எல்லாமே போனுக்குள்தான். நோட்டில் எழுதி, அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவர் பழக்கம். நோட்டும் நனைந்து கூழாகிவிட்டது, போனும் எழும்பவில்லை. கணக்கின் பெயர் மட்டும் எப்படியோ ஒரு பழைய பில்லின் பின்பக்கம் எழுதியிருந்தது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. மறந்துவிட்டது என்று கொடுத்தால், மீட்பு எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறேன் என்கிறது கூகுள். அந்த மீட்பு எண்ணோ, அவர் ரீசார்ஜ் பண்ணாமல் விட்டுத் தொலைத்த பழைய சிம். விட்டுப்போன நம்பர் மூன்று மாதம் கழிந்தால் வேறு ஆளுக்குப் போகலாம். கூப்பிட்டுப் பார்த்தால் யாரோ இந்திக்காரர் எடுக்கிறார்.

கடைசியில் கைகொடுத்தது அவர் மகளின் பழைய டேப்லெட். கொரோனா காலத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கியது, கண்ணாடி கீறி பரண்மேல் கிடந்தது. அப்பாவின் கணக்கையே அதிலும் போட்டிருக்கிறார்கள். சார்ஜ் ஏற்றி வைஃபை கொடுத்ததும் மனிதர் கேமராவில் எடுத்த படமெல்லாம் வந்துவிட்டது, போன் நம்பர்களும் வந்துவிட்டன. அதே டேப்லெட்டை வைத்துக் கணக்கையும் சரிசெய்தோம். ஆனால் வெளியூர்க் கடைக்காரர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய சிட்டைப் படங்கள் ஒன்றும் வரவில்லை. கூகுள் போட்டோஸ் சாதாரணமாக கேமரா படங்களைத்தான் மேலே ஏற்றும். வாட்ஸ்அப்பில் வரும் படங்கள் வேறு ஃபோல்டரில் கிடக்கும். அந்த ஃபோல்டருக்கான பேக்கப்பை நாமே போய் ஆன் செய்ய வேண்டும். அவர் செய்யவில்லை, அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. வெளியூர்க் கடைக்காரர்களிடம் அவரவர் சொன்ன கணக்குக்கே ஒத்துக்கொண்டார். யார் உண்மை சொன்னார்கள் என்று தாமிரபரணிக்குத்தான் தெரியும்.

வாட்ஸ்அப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் பாதிப் பேருக்குப் போன் என்றாலே வாட்ஸ்அப்தான். கப்பலிலும் துபாயிலும் வேலை செய்கிற பிள்ளைகள் அனுப்பிய குரல் செய்தியை அழிக்காமல் வைத்திருக்கும் தாய்மார்கள் எத்தனையோ பேர். வாட்ஸ்அப் தினமும் விடியற்காலை இரண்டு மணி வாக்கில் ஒரு பேக்கப் எடுக்கும். அது போனுக்குள்ளேயே இருக்கும். போன் ஆற்றோடு போனால் அதுவும் ஆற்றோடு போகும். கூகுளுக்கும் அனுப்பு என்று செட்டிங்ஸில் தனியாகச் சொன்னால்தான் மேலே போகும். வீடியோவைச் சேர்க்கவா என்பது அதற்குள்ளே இன்னொரு பொத்தான், சொல்லாவிட்டால் வீடியோ போகாது.

இனி முக்கியமான இடம். புதுப் போனில் வாட்ஸ்அப்பை ஏற்றி நம்பரைக் கொடுத்ததும், பழைய பேக்கப் கிடைத்திருக்கிறது, ரீஸ்டோர் செய்யவா என்று ஒரே ஒரு முறை கேட்கும். பழைய போனில் இருந்த அதே நம்பர், அதே கூகுள் கணக்கு இரண்டும் இருந்தால்தான் கேட்கும். அந்த நேரத்தில் நெட் மெதுவாக இருக்கும், கடையில் அவசரமாக இருக்கும், ‘ஸ்கிப்’ என்று அழுத்திவிட்டு உள்ளே போய்விடுவார்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. புதுப் போனிலும் கூகுள் பேக்கப்பை ஆன் செய்திருந்தால், அன்று இரவே காலியான புது வாட்ஸ்அப் தன்னை பேக்கப் எடுத்து, பழையது இருந்த இடத்திலேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கூகுளில் பழையதன் பிரதி எதுவும் மிஞ்சாது. அதனால், தெரியாமல் ஸ்கிப் அழுத்திவிட்டால் பதற வேண்டாம், ஆனால் ராத்திரி வரை விடவும் வேண்டாம். உடனே வாட்ஸ்அப்பை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றினால் மறுபடியும் கேட்கும். இதை எந்தக் கடையிலும் சொல்லிக்கொடுப்பதில்லை.

2021 அக்டோபரிலிருந்து வாட்ஸ்அப் பேக்கப்புக்குத் தனிப் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டும் வசதியும் வந்திருக்கிறது. நல்ல வசதிதான், ஆனால் போட்ட பாஸ்வேர்டை மறந்து, போனும் கையில் இல்லாவிட்டால் வாட்ஸ்அப்காரனாலும் திறக்க முடியாது, கூகுளாலும் முடியாது. பாஸ்வேர்டுக்குப் பதில் 64 இலக்கச் சாவியைத் தேர்ந்தெடுத்து, அதை அதே போனில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்த ஒரு பொறியியல் மாணவரையும் பார்த்திருக்கிறேன். பீரோவைப் பூட்டிச் சாவியை உள்ளேயே போட்ட கதை.

இன்னொன்று, ஏறிய பேக்கப் அங்கேயே சாசுவதமாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். இல்லை. போன் 57 நாள் பயன்படாமல் கிடந்தால், போட்டோ தவிர மற்ற பேக்கப்பை கூகுள் அழித்துவிடலாம். வெளிநாட்டிலிருந்து மகன் வந்து பார்ப்பான் என்று நனைந்த போனைப் பத்திரமாகப் பொட்டலம் கட்டி வைத்திருந்த வீடுகள் உண்டு. மகன் வருவதற்குள் இந்தக் கெடு முடிந்துவிடும். இரண்டு வருடம் யாருமே நுழையாத கணக்கையே அழிக்கலாம் என்ற விதி 2023 டிசம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. மேலே நான் சொன்ன முதல் போன், முதல் கணக்கு, மகள் கல்யாணப் படம் எல்லாம் இந்த விதிக்குள் வரும். இடமும் அளவோடுதான்: மெயில், டிரைவ், போட்டோ எல்லாவற்றுக்கும் சேர்த்து இலவசம் 15 ஜிபி. 2021 ஜூன் 1-க்கு முன்பு கொஞ்சம் சுருக்கிய படங்கள் கணக்கில் சேராது, இப்போது சேரும். வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024-இலிருந்து அந்த 15-க்குள்தான். தினமும் வரும் காலை வணக்கப் படங்கள் நிறைந்து பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோன போன்களை நிறையவே பார்க்கிறேன். ‘பேக்கப் ஆன்’ என்றுதான் எழுதியிருக்கும். கடைசியாக எந்தத் தேதியில் எடுத்தது என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் விஷயம் தெரியும்.

மெமரி கார்டு போட்டிருக்கிறேன், கவலை இல்லை என்பவர்களுக்கு: கார்டை ‘போனுக்குள் இருக்கும் இடம்’ போல மாற்றி அமைத்திருந்தால் அதுவும் அந்தப் போனோடு பூட்டப்பட்டதுதான், வேறு எதிலும் திறக்காது. ஐபோன் எங்கள் கடைக்குக் குறைவாகவே வரும். அதில் இலவச இடம் 5 ஜிபி என்பதையும், அங்கும் ஆப்பிள் கணக்கின் பாஸ்வேர்டு இல்லாமல் எதுவும் நடக்காது என்பதையும் மட்டும் சொல்லி விடுகிறேன்.

பேட்டர்ன் மறந்துவிட்டது என்று வருகிறவர்களிடம் சில கடைகளில் கேட்காமலே ரீசெட் அடித்துவிடுகிறார்கள். போன் திறக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. திறந்த பிறகும் பழைய கூகுள் கணக்கைப் போடச் சொல்லி நிற்கும். திருட்டுப் போனைத் தடுக்க வந்த பாதுகாப்பு அது. மறுபடியும் அதே கேள்வி: ஐடி என்ன, பாஸ்வேர்டு என்ன. ரீசெட்டுக்கு முன் வாடிக்கையாளரிடம் ‘எல்லாம் அழியும், பரவாயில்லையா’ என்று வாய்விட்டுக் கேட்பதைத் தொழில் வழக்கமாக வைத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

வாசகர்கள் செய்துபார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஐப்பசி மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் போனை அணைத்து மேஜைமேல் வைத்துவிடுங்கள். மனைவி போனிலோ மகன் கம்ப்யூட்டரிலோ பிரவுசரில், ஏற்கெனவே உள்ள கணக்குகளைக் காட்டாத இன்காக்னிட்டோ பக்கத்தைத் திறந்து, உங்கள் மெயில் ஐடியையும் பாஸ்வேர்டையும் போட்டு கூகுள் போட்டோஸுக்கும் கான்டாக்ட்ஸுக்கும் போய்ப் பாருங்கள். போனை அணைக்கச் சொல்வது ஏன் என்றால், கையில் போன் இருந்தால் ‘நீங்கள்தானா’ என்று அந்தப் போனிலேயே கேட்டு, ஆம் என்று அழுத்தி உள்ளே போய்விடுவீர்கள். போன் இல்லாதபோது என்ன நடக்கும் என்பதுதான் பரீட்சை. உள்ளே போக முடிந்து, நேற்று எடுத்த படம் தெரிந்தால் உங்களுக்கு பேக்கப் இருக்கிறது. போக முடியாவிட்டால், போன் நல்லபடியாக இருக்கும் இப்போதே பாஸ்வேர்டை மாற்றி, மீட்பு எண்ணாக வீட்டில் இன்னொருவர் நம்பரைச் சேர்த்துவிடலாம். பாஸ்வேர்டோடு இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருப்பவர்கள், கூகுள் தரும் பத்து மாற்றுக் குறியீடுகளையும் தாளில் எழுதி எடுத்து வைக்க வேண்டும். போன் சிம்மோடு தொலைந்தால், அதே நம்பரில் புது சிம் வாங்கினாலும் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. அந்த ஒரு நாளில் திரும்பத் திரும்ப முயன்று கணக்கை முடக்கிக்கொள்பவர்கள் அதிகம்.

பாஸ்வேர்டைத் தாளில் எழுதலாமா என்று படித்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். எழுதக் கூடாது என்பதுதான் சட்டம்பேசுகிறவர்கள் சொல்வது. வீட்டு பீரோவில், ரேஷன் கார்டோடு, பாலித்தீன் பைக்குள் இருக்கும் நோட்டைத் திருடி ஜிமெயிலைத் திறந்த திருடனை நான் இதுவரை பார்த்ததில்லை. மறந்துபோய் என் கடை வாசலில் நிற்பவர்களை வாரா வாரம் பார்க்கிறேன். எழுதுங்கள். பர்ஸிலும் போன் கவருக்குள்ளும் மட்டும் வைக்காதீர்கள்.

போன் விற்கும் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: வாடிக்கையாளரிடம் பழைய கணக்கு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், இருந்தால் அதையே போடுங்கள். புதிதாகத் தொடங்கினால் பாஸ்வேர்டை அவர் கையாலேயே அடிக்கவிட்டு, கணக்கின் பெயரை பில்லில் எழுதிக் கொடுங்கள். பழைய போனை எக்ஸ்சேஞ்சுக்கு வாங்கும்போது, புதியதில் எல்லாம் வந்துவிட்டதா என்று அவர் பார்க்கும் வரை பழையதை அழிக்காதீர்கள். இ-சேவை மையங்களிலும் பள்ளிக் கணினி அறைகளிலும் மழைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, வருகிறவர்களுக்கு மேலே சொன்ன பரீட்சையை நடத்திப் பார்க்கலாம். பெரிய செலவு ஒன்றும் இல்லை. மாவட்ட நிர்வாகம் நினைத்தால் நடக்கும்.

என் பெயரை வெளியிட வேண்டாம். பெயர் தெரிந்தால் வெற்றிலை வியாபாரி யார் என்று ஊரில் கண்டுபிடித்துவிடுவார்கள். கடிதம் நீளமாகிவிட்டது, உங்களுக்கு இடம் போதாது என்று தெரியும். வெட்டுவதானால் அரிசியையும் மெமரி கார்டையும் வெட்டிக்கொள்ளுங்கள். ‘ஸ்கிப்’ பற்றி எழுதிய பத்தியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

இப்படிக்கு,
செல்போன் பழுதுபார்ப்பவர்,
ஏரல் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.